நெஞ்சுக்கு நேரா ஒரு நோட்டீஸ் போர்டு!

(வாராவாரம் ஒரு பொருள்... அதுக்குப் பின்னால ஒரு வரலாறு!)

எந்த காலேஜ் ஹாஸ்டலா இருந்தாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை காலையில மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்க. கொடியில காயுறதுல முக்கால்வாசி டி-ஷர்ட்தான். ஒண்ணுல சே குவேரா தூரத்துல எதையோ முறைச்சுக்கிட்டு இருப்பார். பக்கத்துல சி.எஸ்.கே. மஞ்சள். அதுக்கும் அடுத்தது, ரெண்டு வருஷத்துக்கு முந்தின சிம்போசியம் வாலன்ட்டியர் டி-ஷர்ட்... எழுத்தெல்லாம் உதிர்ந்து, பைக் துடைக்கிற துணியா ப்ரமோஷன் கிடைக்கக் காத்துக்கிட்டு இருக்கும்.

இன்டர்வியூவுக்கு ஃபார்மல்ஸ், கல்யாணத்துக்கு வேட்டி, எத்னிக் டேவுக்கு பட்டுப்புடவைனு ஒவ்வொரு டிரஸ்ஸுக்கும் ஒரு நாள் உண்டு. டி-ஷர்ட்டுக்கு? மிச்சமிருக்கிற எல்லா நாளும்! தூங்கும்போதும் அதுதான், கிரவுண்டுக்குப் போகும்போதும் அதுதான், சினிமாவுக்குப் போகும்போதும் அதுதான். பையன், பொண்ணு வித்தியாசம் கிடையாது. அயர்ன் கேட்காது. பட்டன் அறுந்துபோச்சுன்னு அழாது. பட்ஜெட் இடிக்கிறவனுக்கு பிளாட்பாரத்துலயும் கிடைக்கும், பாக்கெட் கனத்தவனுக்கு ஏ.சி. ஷோரூம்லயும் கிடைக்கும்.

இவ்வளவு செல்வாக்கா இருக்கிற இந்த ஹீரோ, சினிமாவுக்கு வந்த புதுசுல 'உள்ளே' மட்டுமே நடிச்சுக்கிட்டு இருந்த துணை நடிகர்ங்கிறது எத்தனை பேருக்குத் தெரியும்?

உள்ளே இருந்தவர் வெளியே வந்த கதை

19-ம் நூற்றாண்டு அமெரிக்காவில், கழுத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் ஒரே துணியா, முன்பக்கம் முழுக்க பட்டன் வெச்ச ஓர் உள்ளாடை இருந்தது. 'யூனியன் சூட்'னு பேர். குளிருக்கு ஓகே. வெயில் காலத்துல சுரங்கத்துலயும் துறைமுகத்துலயும் மூட்டை தூக்கினவங்களுக்கு அது அடுப்பு. கடுப்பான தொழிலாளர்கள் அதை இடுப்போட ரெண்டா வெட்டினாங்க. மேல் பாதி, டி-ஷர்ட்டோட தாத்தா.

அந்த மேல் பாதியிலயும் பட்டன் இருந்தது. பட்டன் இருந்தா அறுந்துபோகும். அறுந்தா தைக்கணும். தைக்கத் தெரியாத கல்யாணமாகாத பசங்க என்ன பண்ணுவாங்க? 1904-ல் கூப்பர் அண்டர்வேர் என்ற அமெரிக்க கம்பெனி, 'பேச்சலர்களுக்கான பனியன்' என்று விளம்பரம் கொடுத்தது. பட்டன் இல்லை, ஊக்கு இல்லை, ஊசி-நூலுக்கு வேலை இல்லை, தலை வழியா மாட்டினா முடிஞ்சுது! அன்னிக்கே டி-ஷர்ட்டின் டார்கெட் ஆடியன்ஸ் யாருன்னு தெளிவா தெரிஞ்சுபோச்சு... சோம்பேறி பேச்சலர். அதாவது, நாமதான்.

அடுத்து, இதை அமெரிக்கக் கடற்படை பிடிச்சுக்கிச்சு. முதல் உலகப் போர் காலத்துக்குள்ள, யூனிஃபார்முக்கு உள்ளே போடுற வெள்ளை பனியன் மாலுமிகளோட கிட்டில் சேர்ந்தாச்சு. நடுக்கடல்ல வெயில் கொளுத்தினா மேல் சட்டையைக் கழற்றிப் போட்டுட்டு வெறும் பனியனோட வேலை பார்ப்பாங்க. சட்டுனு துவைக்கலாம், சட்டுனு காயும். போர் முடிஞ்சு ஊருக்குத் திரும்பினவங்க அந்தப் பழக்கத்தையும் கூடவே கூட்டிட்டு வந்துட்டாங்க.

பேர் வந்த கதை ரொம்ப சிம்பிள். கையை விரிச்சு தரையில போட்டா, ஆங்கில 'டி' எழுத்து மாதிரி இருக்கும். அவ்வளவுதான். அச்சில் முதன்முதலா இந்த வார்த்தையைப் பயன்படுத்தினவர்னு எழுத்தாளர் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டைச் சொல்றாங்க. 1920-ல் வந்த அவருடைய முதல் நாவலின் ஹீரோ, ஹாஸ்டல் பள்ளிக்குக் கிளம்பும்போது பெட்டியில அடுக்குற துணிகள்ல டி-ஷர்ட்டும் ஒண்ணு. ஹாஸ்டலுக்கும் டி-ஷர்ட்டுக்கும் உள்ள பந்தம் நூறு வருஷத்தைத் தாண்டினது மக்கா!

பனியனோட தெருவுக்கு வந்த பிராண்டோ

இருந்தாலும் ரொம்ப நாளைக்கு அது உள்ளாடைதான். வாசல்ல யாராவது வந்தா, மேல ஒரு சட்டையைப் போட்டுக்கிட்டுத்தான் கதவைத் திறப்பாங்க. அந்தக் கூச்சத்தை உடைச்சது ரெண்டு விஷயம். ஒண்ணு போர். இன்னொண்ணு சினிமா.

ரெண்டாம் உலகப் போர் நேரத்துல, 1942 ஜூலையில் 'லைஃப்' பத்திரிகையின் அட்டைப்படத்தில் ஒரு போர்வீரர், மெஷின் கன்னோட. மேல வெறும் டி-ஷர்ட். அதில் ஆகாயப்படையின் துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளியோட பேர் அச்சடிச்சிருந்தது. உள்ளாடையை வீரத்தோட அடையாளமா நாடு முழுக்கப் பார்த்தாச்சு.

1951-ல் 'எ ஸ்ட்ரீட்கார் நேம்டு டிசையர்' படம் வந்தது. மார்லன் பிராண்டோ, வியர்வையில் உடம்போட ஒட்டின டி-ஷர்ட்டோட கத்திக்கிட்டே வர்றார். அந்தக் காலத்து டி-ஷர்ட் எல்லாம் தொளதொளன்னுதான் இருக்கும். உடம்போட பிடிக்கிற மாதிரி துவைச்சு, சுருக்கி, தைச்சுக் கொடுத்தவர் உடை வடிவமைப்பாளர் லூசிண்டா பல்லார்டு. இன்னிக்கு 'ஸ்லிம் ஃபிட்'னு கேட்டு வாங்குறோமே... அதுக்கு ஆரம்பம் அங்கே இருக்கு.

அடுத்தவர் ஜேம்ஸ் டீன். 'ரெபெல் வித்தவுட் எ காஸ்' படத்துல சிவப்பு ஜாக்கெட்டுக்கு உள்ளே வெள்ளை டி-ஷர்ட். 1955 செப்டம்பர் 30-ல் கார் விபத்தில் இறந்துபோனார். வயசு 24. படம் வெளியானது அதுக்கு அப்புறம், அக்டோபரில். இறந்துபோன ஹீரோவைத் திரையில பார்த்த அமெரிக்க இளைஞர்களுக்கு அந்த வெள்ளை டி-ஷர்ட் ஓர் அடையாளமாவே ஆகிப்போச்சு. அப்பா கோட்-டை கட்டினா, மகன் டி-ஷர்ட் போடுவான். சண்டை துணியைப் பத்தினது இல்லைன்னு ரெண்டு பேருக்குமே தெரியும்!

அந்தச் சண்டை இன்னும் ஓயலை. 2005-ல் அண்ணா பல்கலைக்கழகம் ஜீன்ஸ், டி-ஷர்ட், ஸ்லீவ்லெஸ்ஸுக்கெல்லாம் தடை போட்டபோது, டீக்கடையிலிருந்து டி.வி. வரைக்கும் அதே பேச்சு. 2024 அக்டோபரில், தமிழ்நாட்டின் துணை முதல்வர் டி-ஷர்ட் போடலாமா, கூடாதான்னு சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கே போட்டாங்க. உலகத்துல இவ்வளவு எளிமையான ஒரு துணிக்கு இவ்வளவு எதிர்ப்பாளர்களா?

துணிக்கு வாய் முளைச்சது

டி-ஷர்ட் வெறும் துணியா மட்டும் இருந்திருந்தா, வந்து போன ஃபேஷன்ல ஒண்ணா முடிஞ்சிருக்கும். அதைக் காப்பாத்தினது அதோட காலி இடம். கழுத்துக்குக் கீழே, வயித்துக்கு மேலே, பட்டனோ பாக்கெட்டோ குறுக்கே வராத ஒரு வெள்ளைப் பலகை. எதிரே வர்றவன் படிச்சே ஆகணும். ஸ்கிரீன் பிரின்டிங்கும், துவைச்சாலும் போகாத மையும் வந்ததும், யார் வேணும்னாலும் எதை வேணும்னாலும் எழுதலாம்னு ஆயிடுச்சு.

முதல்ல மோப்பம் பிடிச்சவங்க யாரு? வேற யாரு... அரசியல்வாதிங்கதான். 1948 அமெரிக்க அதிபர் தேர்தலில் தாமஸ் டியூயி பேரை வெச்சு ரைமிங்கா ஒரு கோஷம் அச்சடிச்ச டி-ஷர்ட் வந்தது. பிரசார டி-ஷர்ட்டுகளில் மிகப் பழசு அதுதான்னு சொல்வாங்க. டி-ஷர்ட் ஜெயிச்சுது, டியூயி தோத்துட்டார்!

அப்புறம் ராக் பேண்டுகள். 1970-ல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்ல படிச்சுக்கிட்டு இருந்த ஜான் பாஷ் என்ற மாணவர்கிட்ட 'ரோலிங் ஸ்டோன்ஸ்' ஒரு சின்னம் கேட்டது. பாடகர் மிக் ஜாகர் மாதிரிக்குக் காட்டினது நம்ம காளி படம்! நாக்கை நீட்டிக்கிட்டு இருக்கிற அந்தச் சிவப்பு வாய் பிறந்தது அப்படித்தான். மாணவருக்குக் கிடைச்ச சம்பளம் 50 பவுண்டு.

நியூயார்க்கின் கதை இன்னும் சுவாரஸ்யம். 1970-களின் நடுவில் அந்த ஊர் கடன்ல மூழ்கி, குற்றங்கள் பெருகி, டூரிஸ்ட் வரவே பயப்படுற நிலைமை. ஊரோட பேரைக் காப்பாத்த ஒரு பிரசாரம் தொடங்கினாங்க. டிசைனர் மில்டன் கிளேசர், டாக்சியில போகும்போது ஒரு கவர் மேல சிவப்பு கிரேயான்ல கிறுக்கினார். 'ஐ', ஒரு இதயம், 'என்.ஒய்.'. முடிஞ்சுது! ஊருக்காகப் பண்றோம்னு சல்லிக்காசு வாங்கலை. இன்னிக்கு உலகத்துல எந்த ஊர்ப் பேருக்கு முன்னால இதயம் போட்ட டி-ஷர்ட் இருந்தாலும், அதுக்கெல்லாம் அப்பன் அந்தக் கிறுக்கல். அந்தக் கிழிஞ்ச கவர், நியூயார்க் மாடர்ன் ஆர்ட் மியூசியத்தில் இருக்கு.

1984-ல் பிரிட்டன் பிரதமர் மார்கரெட் தாட்சர், டிசைனர்களுக்கு ஒரு வரவேற்பு கொடுத்தார். கேத்தரின் ஹாம்நெட் என்ற டிசைனர் கோட்டை இழுத்து மூடிக்கிட்டு உள்ளே போனார். பிரதமர்கிட்ட கை குலுக்குற அந்த நிமிஷத்துல கோட்டைத் திறந்தார். உள்ளே, முட்டி வரைக்கும் தொங்குற டி-ஷர்ட்டில் கொட்டை எழுத்து: 58% பேருக்கு பெர்ஷிங் ஏவுகணை வேண்டாம்! போட்டோகிராபர்கள் கிளிக்கித் தள்ளிட்டாங்க. பேச மைக் கொடுக்காத இடத்துல, ஒரு டி-ஷர்ட் பேசிட்டு வந்துடுச்சு.

நம்ம ஊருக்கும் அப்படி ஒரு தருணம் வந்தது. 2020 செப்டம்பரில் 'இந்தி தெரியாது போடா' வாசகத்தோட டி-ஷர்ட் போட்டு சினிமா பிரபலங்கள் போட்டோ போட, அது நாடு முழுக்க ட்ரெண்ட் ஆச்சு. எங்கே அச்சடிச்சாங்கன்னு கேட்கணுமா? திருப்பூர்லதான்.

சேவை வித்தது யாரு?

டி-ஷர்ட்ல அதிகம் பேர் நெஞ்சில சுமக்குற முகம் சே குவேரா. அந்தப் படத்தை எடுத்தவர் கியூபா போட்டோகிராபர் ஆல்பர்ட்டோ கோர்டா. 1960 மார்ச் 5. ஹவானா துறைமுகத்துல கப்பல் வெடிச்சு இறந்தவங்களுக்கு அஞ்சலிக் கூட்டம். மேடையோட முன்பக்கம் சே வந்து நின்ன சில நொடிகள்ல கோர்டா ரெண்டு படம் எடுத்தார். பத்திரிகை அதைப் போடலை. வருஷக்கணக்கா அவரோட ஸ்டுடியோ சுவர்ல சும்மா தொங்கிச்சு. 1967-ல் பொலிவியாவுல சே கொல்லப்பட்டதும், அது போஸ்டரா ஐரோப்பா முழுக்கப் பரவிச்சு. 1968-ல் அயர்லாந்து ஓவியர் ஜிம் ஃபிட்ஸ்பாட்ரிக் சிவப்பு-கறுப்புல வரைஞ்சார். இன்னிக்கு டி-ஷர்ட்ல நாம பார்க்குற முகம் அந்த வரிசையில வந்ததுதான்.

கோர்டாவுக்கு இந்த டி-ஷர்ட்டுகளால ராயல்ட்டினு ஒரு பைசா கிடைக்கலை. கேட்கவும் இல்லை. ஆனா, 2000-ல் ஒரு வோட்கா விளம்பரத்துக்கு அந்தப் படத்தைப் பயன்படுத்தினபோது கோர்ட்டுக்குப் போனார். சமரசத்துல கிடைச்ச 50 ஆயிரம் டாலரை கியூபாவின் மருத்துவத் துறைக்குக் கொடுத்துட்டார். முதலாளித்துவத்தை எதிர்த்துச் செத்தவர், முதலாளிகளுக்கு நல்லா விக்கிற சரக்கா ஆனார்... இதுக்கு சிரிக்கிறதா, அழறதா? அட்லீஸ்ட் அந்த டி-ஷர்ட் போடுற தோழர்கள், அவர் எந்த நாட்டுல பிறந்தார்னு மட்டுமாவது தெரிஞ்சு வெச்சுக்கலாம். (அர்ஜென்டினா... நோட் பண்ணிக்கங்க, வைவாவுல கேட்டாலும் கேட்பாங்க!)

'பனியன் கம்பெனி'க்கு வாங்க

நெஞ்சுல இருக்கிறதைப் படிச்சாச்சு. இப்போ கழுத்துக்குப் பின்னால இருக்கிற லேபிளைப் படிப்போம். உலகத்துல எந்த ஊர் மால்ல டி-ஷர்ட் வாங்கினாலும், அது கோயம்புத்தூர் பக்கத்துல தைச்சதா இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

திருப்பூருக்கு பனியன் பின்னுற மெஷின் வந்தது 1920-களில். அப்போ இந்தத் தொழிலுக்கு ராஜா கல்கத்தா. நம்மாளுங்க மெல்லக் கத்துக்கிட்டு, உள்ளூருக்கு வெள்ளை பனியன் போட்டுக்கிட்டு இருந்தாங்க. 1970-களின் கடைசியில வெளிநாட்டு ஆர்டர் வர ஆரம்பிச்சுது. 80-களின் பின்பாதியில டாப் கியர்! இன்னிக்கு இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல இந்த ஒரு ஊர். வருஷத்துக்கு 30 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல. இவ்வளவு வளர்ந்தும் ஊர்க்காரங்க வாயில அது 'பனியன் கம்பெனி'தான். டி-ஷர்ட் உள்ளாடையா இருந்த காலத்தை மறக்காத ஒரே ஊர்!

ஒரு டி-ஷர்ட் எத்தனை கை மாறுதுன்னு பாருங்க. ஸ்பின்னிங் மில்லுல இருந்து நூல் வரும். நிட்டிங்ல வட்டமான மெஷின், நூலைக் கண்ணி கண்ணியாக் கோத்து, குழாய் மாதிரி துணியா இறக்கும். சட்டைத் துணி தறியில ஊடும் பாவுமா நெய்யுறது. அது இழுத்தா இழுபடாது. டி-ஷர்ட் துணி பின்னுறது. கண்ணி விரிஞ்சு கொடுக்கும். நம்ம தொப்பைக்கும் வளைஞ்சு கொடுக்கிற ரகசியம் இதுதான்! அப்புறம் டையிங்ல சாயம். காம்பாக்டிங்ல சுருக்கம் எடுப்பாங்க. கட்டிங் மாஸ்டர் அடுக்கடுக்கா வெட்டுவார். ஓவர்லாக்ல தோளும் பக்கமும் சேரும். பேட்லாக்ல கையும் அடியும் மடிச்சுத் தைப்பாங்க. செக்கிங், அயர்னிங், பேக்கிங். சின்னதா ஒரு ஓட்டை இருந்தாலும் ரிஜெக்ட். அந்த செகண்ட்ஸ் மாலுக்குப் புகலிடம் காதர்பேட்டை. 'எக்ஸ்போர்ட் சரக்கு'னு நம்ம ஊர் பிளாட்பாரத்துல கூவி விக்கிறதுல பாதி, அந்த வழியா வந்ததுதான்.

இதுல வேலை பார்க்கிறவங்க லட்சக்கணக்கானவங்க. மதுரை, தேனி, புதுக்கோட்டையில இருந்து வந்தவங்க, இப்போ பீகார், ஒடிசா, ஜார்கண்டுல இருந்து வர்றவங்க. நம்ம வயசுதான். சில பேர் நம்மளைவிடச் சின்னவங்க. பீஸ் ரேட்டுக்கும் ஷிப்ட்டுக்கும் நடுவுல ஓடுற வாழ்க்கை. அதோட லகான் எங்கேயோ இருக்கு. 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு வரியை 50 சதவிகிதமா ஏத்தினப்போ, ஆர்டர்கள் நின்னுபோய் இங்கே மெஷின்கள் ஓய்ஞ்சுது.

நொய்யலைக் கேளுங்க

ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்கு சுமார் 2,700 லிட்டர் தண்ணி ஆகுதுன்னு ஒரு பிரபலமான கணக்கு இருக்கு. பெரும்பங்கு, பருத்திச் செடி குடிக்கிறது. அதுக்கப்புறம் வர்ற சாயம்தான் திருப்பூருக்குத் தலைவலி. சாயக்கழிவு வருஷக்கணக்கா நொய்யல் ஆத்துல கலந்தது. விவசாயத்துக்குன்னு 1992-ல் கட்டின ஒரத்துப்பாளையம் அணை, சாயத்தண்ணி தேங்குற தொட்டியாச்சு. தண்ணியைத் திறந்து விடாதீங்கன்னு விவசாயிகளே கேட்ட அணை உலகத்துல எத்தனை இருக்கும்?

ஆத்துப் பாசன விவசாயிகள் வழக்கு போட்டாங்க. 2011 ஜனவரியில், சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிடுச்சு. எழுநூறுக்கும் மேல. ஊரே ஸ்தம்பிச்சுது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாம சுத்திகரிச்சுத் திரும்பப் பயன்படுத்துற ஏற்பாட்டோடதான் அப்புறம் பட்டறைகள் திறந்தது. அதுக்கு ஆகுற செலவும் துணி விலையில இருக்கு. 'எங்க ஊர்ல அவ்வளவு சுத்திகரிப்பு கேட்கிறதில்லை'ங்கிற நாட்டோட போட்டி போட்டுத்தான் திருப்பூர் ஆர்டர் பிடிக்கணும். நூறு ரூபாய் டி-ஷர்ட்டைப் பார்த்து 'செம டீல் மச்சி'ங்கிறோமே... மிச்சக் காசை யாரோ எங்கேயோ கட்டியிருக்காங்க.

சில சமயம் உயிரால. 2013 ஏப்ரல் 24. வங்கதேசத்துல டாக்காவுக்குப் பக்கத்துல ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிஞ்சு விழுந்தது. உள்ளே பல கார்மென்ட் கம்பெனிகள். முந்தின நாளே சுவர்ல விரிசல். கீழே இருந்த பேங்கும் கடைகளும் மூடிட்டாங்க. தையல் தொழிலாளர்களை மட்டும் வேலைக்கு வரச் சொன்னாங்க. 1,134 பேர் செத்தாங்க. இடிபாட்டுக்குள்ள கிடந்த லேபிள்கள்ல நமக்குத் தெரிஞ்ச பிராண்ட் பேர்கள் இருந்தது.

ஒரு மாணவியின் கேள்வி

'சரி, நான் ஒருத்தன் என்ன பண்ண முடியும்?' கேட்பீங்கன்னு தெரியும்.

1999. வாஷிங்டன் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்துல மாணவர்கள் கூட்டம். ஒரு மாணவி மைக்கைப் பிடிச்சு, நீங்க போட்டிருக்கிற டி-ஷர்ட்டைத் தைச்சது யாருன்னு கேட்டார். கூட்டத்துல நின்னுக்கிட்டு இருந்த பொருளாதாரப் பேராசிரியை பியெட்ரா ரிவோலிக்கு பதில் தெரியலை. அதைத் தேடிக் கிளம்பிட்டார்! ஃபுளோரிடாவுல ஆறு டாலருக்கு வாங்கின ஒரு டி-ஷர்ட்டோட பூர்வீகத்தைத் தேடி, டெக்சாஸ் பருத்திக் காட்டுக்குப் போனார். ஷாங்காய் ஃபேக்டரிக்குப் போனார். அமெரிக்காக்காரன் போட்டுக் கழிச்ச துணி ஏலம் போகுற தான்சானியா சந்தைக்கும் போனார். 2005-ல் அது புத்தகமா வந்து, பல பல்கலைக்கழகங்கள்ல பாடமாவே ஆச்சு.

அதே மாணவர்கள், தங்கள் காலேஜ் லோகோ போட்ட துணி எங்கே தைக்கிறாங்கன்னு சொல்லணும்னு நிர்வாகங்களை நெருக்கினாங்க. சும்மா விடலை. 2000-ல், அந்த ஃபேக்டரிகளைக் கண்காணிக்க ஒரு தனி அமைப்பே உருவாச்சு. நம்ம ஊர்லயும் நடந்திருக்கு. பெண் தொழிலாளர்களுக்கு எதிரான பாலியல் தொல்லையைத் தடுக்க, ஒரு தொழிலாளர் சங்கம் போராடி 2022-ல் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தம், ஆசியாவிலேயே இந்த வகையில முக்கியமானதாப் பேசப்பட்டது. அந்தச் சங்கத்தை நடத்தினவங்க பெண்கள்தான்.

பேட்ச் டி-ஷர்ட் போடப் போறீங்களா?

ஃபைனல் இயர் வந்துட்டா டிபார்ட்மென்டுக்கு ஒரு டி-ஷர்ட். அறுபது பேர்கிட்ட காசு வசூல், டிசைனுக்கு அடிதடி, கலருக்கு கருத்துக்கணிப்பு. ஒரு பேரத்துல நீங்க 'பையர்' ஆகுற முதல் தருணம் அதுதான். உபயோகமா நாலு விஷயம்...

* துணியோட கனத்தை ஜி.எஸ்.எம்.னு சொல்வாங்க. ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்ங்கிறதுதான் கணக்கு. சாதா டி-ஷர்ட்டுக்கு 160-லிருந்து 180 நல்லது. 'காட்டனா, மிக்ஸா'னும் கேளுங்க.

* சாம்பிள் ஒண்ணு வாங்கி ரெண்டு தடவை துவைச்சுப் பாருங்க. பக்கத் தையல் திரும்பி வயித்துப் பக்கம் வந்துட்டா, துணியைச் சரியா ஃபினிஷ் பண்ணலைன்னு அர்த்தம்.

* ஸ்கிரீன் பிரின்ட்டுக்கு ஒவ்வொரு கலருக்கும் ஒரு ஸ்கிரீன். கலர் கூடினா காசு கூடும். ஒரே கலர்ல நச்சுனு டிசைன் பண்ணுங்க. நிறைய வருஷம் உழைக்கும்.

* கடைசியா, விலை கேட்கும்போது கூடவே இன்னொண்ணும் கேளுங்க: 'எங்கேண்ணா தைக்கிறீங்க? சாயத்தண்ணி எங்கே போகுது?' அண்ணன் ஒரு மாதிரி பார்ப்பார். பரவாயில்லை. அறுபது பேர் ஆர்டர் கையில இருக்கிறவனோட கேள்விக்கு யாரும் பதில் சொல்லாம இருக்க மாட்டாங்க. அடுத்த காலேஜ்காரனும் கேட்டா, பதிலை அவரே தயாரா வெச்சிருப்பார்.

கொசுறு

* 'பனியன்' என்ற வார்த்தைக்கும் 'வணிகர்' என்பதற்கும் சொந்தம் உண்டு. குஜராத் வணிகர்களான 'வாணியா'வை வெள்ளைக்காரங்க 'பேனியன்'னு கூப்பிட்டாங்க. அவங்க உடைக்கும் அந்தப் பேர், அவங்க நிழல்ல உட்கார்ந்து வியாபாரம் பண்ணின ஆலமரத்துக்கும் ஆங்கிலத்துல அதே பேர்!

* 1932-ல் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழக ஃபுட்பால் டீமுக்கு உள்ளே போட டி-ஷர்ட் கொடுத்தாங்களாம். பசங்க சுட்டுட்டுப் போக, 'இது பல்கலைக்கழகச் சொத்து'ன்னு அச்சடிச்சாங்களாம். அதுக்கப்புறம் இன்னும் அதிகமா சுட்டாங்கன்னு ஒரு கதை உண்டு!

* 2014-ல் மார்க் சக்கர்பெர்க்கிட்ட 'ஏன் தினமும் அதே சாம்பல் கலர் டி-ஷர்ட்?'னு கேட்டாங்க. சின்ன விஷயங்கள்ல முடிவெடுத்து நேரத்தை வீணாக்க விரும்பலைன்னு சொன்னார். நம்ம ஹாஸ்டல் பசங்க இதை எந்தக் காரணமும் சொல்லாமலே பல வருஷமா ஃபாலோ பண்றாங்க!

* ஜான் பாஷ் 50 பவுண்டுக்கு வரைஞ்ச அந்த நாக்கின் ஒரிஜினல் ஓவியத்தை, 2008-ல் லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் மியூசியம் விலைக்கு வாங்கிச்சு. சுமார் 50 ஆயிரம் பவுண்டுக்கு!

இந்த வாரத்துக்கு ஒரே ஒரு ஹோம்வொர்க். உங்க அலமாரியில இருக்கிறதுலயே ஃபேவரைட் டி-ஷர்ட்டை எடுத்து, உள்பக்கமாத் திருப்புங்க. லேபிளைப் படிங்க. தையலைப் பாருங்க... ஒரு இஞ்ச்கூட கோணாம, நேரா போயிருக்கும். முன்பக்கம் எழுதினவன் பேரு ஊருக்கே தெரியும். இதைத் தைச்சவங்க பேரு எங்கேயும் இருக்காது.

அடுத்த வாரம்... காலேஜ்ல யாரோட கையிலயும் சொந்தமா இருக்காத, ஆனா எல்லாரும் கடன் வாங்குற ஒரு பொருளோட வர்றேன். எக்ஸாம் ஹால் வாசல்ல தேடுவீங்களே... அதான்!